பதினொரு கர்சீப்

ஆண்டர்சன்பேட்டை
10 பிப்ரவரி 2025

ஷில்பா,

பெயருக்கு முன்னால் ஏதாவது வேண்டுமென்றால் நீயே போட்டுக்கொள். எனக்குக் கை வரவில்லை.

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். வாட்ஸ்அப்பிலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் ஸ்ரீநிவாஸ் போனில் இருந்து கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்தாய், மறுநாள் அந்த நம்பரும் போகவில்லை. அந்த மனுஷன் உனக்கு என்ன கெடுதல் செய்தார்? உன் கல்யாணத்தில் மூன்று நாள் பந்தி பரிமாறினவர். சரி, தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாது. இதை ரிஜிஸ்டர் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறேன். நீ கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். கிடைக்கவில்லை என்று நாளைக்குக் கதை விட முடியாது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்கு ஞாபகம் கொஞ்சம் குறைந்துவிட்ட மாதிரி தெரிகிறது.

போன தீபாவளிக்கு ஹைதராபாத்தில் இருந்து வந்தாய். எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, அதிரசத்தைக் கடித்துக்கொண்டே போனைக் காட்டினாய். வங்கியும் இல்லாமல் மேனேஜரும் இல்லாமல் ஆட்கள் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வட்டி வாங்குகிற இடங்கள் இன்டர்நெட்டில் இருக்கின்றன என்றாய். அவை ஓடுகிற பிளாக்செயின் நெட்வொர்க்குகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எதில் எவ்வளவு பணம் கிடக்கிறது என்று எண்ணி முதல், இரண்டு, மூன்று என்று பட்டியல் போடுவதுதான் உங்கள் கம்பெனி வேலை என்றாய். "லோகமே இந்த லிஸ்டப் பாத்துத்தான் முடிவு பண்ணுது மமதா. இந்த நம்பருங்க பாதி நான் போட்டது" என்று சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் உலகத்துக்கே ரேங்க் போடுகிறாளே என்று.

"இதுல எது நல்லது?" என்று கேட்டேன். "டோரிவாவப் பாரு. போன மாசம் பதினேழாவது. இப்ப மூணாவது" என்றாய். என் போனை வாங்கி அதில் பணம் போட்டு எடுக்கிற வாலட் போட்டுக் கொடுத்ததும் நீதான்.

நான் யார் என்று உனக்குத் தெரியும். பெங்களூர் போகிற காலை ரயிலில் லேடீஸ் பெட்டியில் மாரிகுப்பத்தில் முதல் ஆளாக ஏறி, பதினொரு பேருக்குக் கர்சீப் போட்டு இடம் பிடிக்கிறவள். மமதா இடம் போட்டால் அந்த இடம் நிச்சயம் என்று நம்புகிறவர்கள் அந்தப் பதினொரு பேரும். அதே நம்பிக்கையில் டோரிவாவிலும் போட்டார்கள். ஆபீஸ்களில் தரை துடைக்கிற ரத்தினம்மா தன் மகளின் நர்சிங் காலேஜுக்கு வைத்திருந்ததை எடுத்துப் போட்டாள்.

பொங்கல் முடிந்த வாரத்தில் இருந்து பணம் எடுக்கிற பொத்தானை அழுத்தினால் அழுந்துவதில்லை. சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. ஆனால் உன் பட்டியலில் டோரிவா இன்னும் ஒன்பதாவது இடத்தில், பச்சை அம்புக்குறியோடு, ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. "இன்னா மமதா, உன் ஃப்ரெண்டு லிஸ்டு பொய் சொல்லாதுன்னியே, இப்ப இன்னா சொல்ற?" என்று ரத்தினம்மா பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். 

பணத்தை நீ கொடு என்று நான் கேட்கவில்லை. அந்தப் பட்டியலில் டோரிவாவுக்குப் போட்ட இடம் தப்பு என்று உன் பெயரைப் போட்டு எழுது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். நான் பொய் சொல்லி யாரையும் இழுத்துவிடவில்லை என்று அந்தப் பதினொரு பேருக்கும் தெரிய வேண்டும்.

மமதா


ஹைதராபாத்
19 பிப்ரவரி 2025

மமதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இது என் சொந்தக் கடிதம். கம்பெனியின் சார்பில் எழுதவில்லை, அப்படி எழுத எனக்கு அனுமதியும் இல்லை.

மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டியல் ஒரு நெட்வொர்க்கில் எவ்வளவு மதிப்புக்குப் பணம் போடப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் காட்டுகிறது. அங்கே பணம் போடு என்று யாருக்கும் சொல்வதில்லை. பக்கத்தின் அடியில் அது எழுதியும் இருக்கிறது. அடுத்தது, டோரிவாவின் எண் தப்பானது இல்லை. நாங்கள் எந்த முறையில் எண்ணுகிறோமோ அந்த முறைப்படி அது சரி. பொத்தான் அழுந்தவில்லை என்றால் அது டோரிவாவை நடத்துகிறவர்களின் பிரச்சினை. கடைசியாக, தீபாவளியன்று நீ என்னிடம் "எது நல்லது" என்று கேட்கவே இல்லை. "எது வேகமா ஏறியிருக்கு" என்றுதான் கேட்டாய். நானும் அதற்குத்தான் பதில் சொன்னேன்.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களில் என் அம்மாவை இழுத்துப் பேசினாய். செத்துப்போனவளை. அதனால்தான் பிளாக் செய்தேன். அதற்கு உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

பதினொரு பேரைச் சேர்ப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். அப்போது நான் உன்னை பிளாக் செய்திருக்கவில்லை.

ஷில்பா


ஆண்டர்சன்பேட்டை
26 பிப்ரவரி 2025

ஷில்பா,

டைப் அடித்து அனுப்பியிருக்கிறாய். கோர்ட் நோட்டீஸ் வந்திருக்கிறது என்று ஸ்ரீநிவாஸ் பயந்துபோனார். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எட்டாம் வகுப்பில் உன் இம்போசிஷனைப் பாதி நான்தான் எழுதினேன்.

உன் அம்மாவைப் பேசினது தப்பு. அதற்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் இருந்திருந்தால் உன் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னைத்தான் அறைந்திருப்பார்.

"நாங்கள் எண்ணுகிற முறைப்படி சரி." இந்த வரியைப் படித்ததில் இருந்து எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நானும் பிலோமினாவும் ராபர்ட்சன்பேட்டைக்குப் போனோம். அவளும் என் பதினொரு பேரில் ஒருத்தி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆதார் பிரின்ட் எடுத்துக் கொடுக்கிற கம்ப்யூட்டர் கடையில், பெரிய திரையில், உங்கள் பட்டியலைத் திறந்தோம். போனில் பார்க்கும்போது தெரியாத ஒன்று அங்கே வலது பக்க ஓரத்தில் தெரிந்தது. சின்ன ஸ்விட்ச். நான் பேசிக்கொண்டே இருந்தபோது பிலோமினா சும்மா அதைத் தட்டிவிட்டாள்.

டோரிவா காணாமல் போய்விட்டது.

தேடினோம். கீழே இறக்கி இறக்கித் தேடினால் நாற்பத்து நான்காவது இடத்தில் கிடக்கிறது. பிலோமினா திரும்பத் தட்டினாள், ஒன்பது. மறுபடி தட்டினாள், நாற்பத்து நான்கு. "இன்னாடி இது, லைட்டு சுச்சு மாதிரி கீது?" என்றாள். கடைக்காரர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்தைப் படித்து அர்த்தம் சொன்னார். ஒரே பணத்தைத் திரும்பத் திரும்ப எண்ணியதைக் கழித்துவிட்டுக் காட்டு என்று அர்த்தமாம்.

அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ஒரு தப்பு நடந்துவிட்டது, ஷில்பா வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறாள் என்று. தெரிந்து, அதற்கு ஒரு ஸ்விட்ச் செய்து, அதை அணைத்தும் வைத்திருக்கிறீர்கள். யார் செய்த ஸ்விட்ச் அது? பக்கத்தைத் திறந்தவுடன் அது அணைந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தது யார்?

இன்னொன்றும் கேட்டுக்கொள். ரத்தினம்மாவின் தம்பி நாகேஷ் பூதிகோட்டையில் இருக்கிறான். பட்டுப்புழுக் கொட்டகை கட்டப் பணம் சேர்த்து வைத்திருக்கிறான். அக்காவின் பணம் மாட்டிக்கொண்டது தெரிந்தும், "அக்கா, நீ பயப்படுற. லிஸ்டுல இன்னும் ஒம்பதாவதுதான் கீது பாரு. எல்லாரும் பயந்துகினு கீற நேரத்துல போட்டாத்தான் லாபம்" என்று அவளுக்கே பாடம் நடத்துகிறானாம். உகாதிக்குள் போடப் போகிறான். ரத்தினம்மா அழுதும் பார்த்துவிட்டாள், திட்டியும் பார்த்துவிட்டாள். அவன் அக்காவை நம்பவில்லை. உன் பட்டியலைத்தான் நம்புகிறான்.

ஸ்விட்சைக் காட்டினால் "அது ஏதோ செட்டிங்" என்கிறான். பட்டியல் போட்டவர்களே சொன்னால்தான் கேட்பானாம். இது இனி என் பெயரைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. இதற்கும் டைப் அடித்துப் பதில் அனுப்பினால் நேரே ஹைதராபாத்துக்கே வந்து உன் ஆபீஸ் வாசலில் நின்று கத்துவேன்.

மமதா


ஹைதராபாத்
6 மார்ச் 2025

மமதா,

கையால் எழுதுகிறேன். ஒரே தாளில், இரண்டு பக்கமும் எழுதுகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த ஸ்விட்சைச் செய்தது நான்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், நாகேஷுக்கும் புரியும். டோரிவாவில் நீ நூறு ரூபாய் போடுகிறாய். அதற்கு ஒரு ரசீது கொடுக்கிறார்கள். அந்த ரசீதை அதே டோரிவாவில் இன்னொரு கடையில் வைத்தால் அங்கே ஒரு ரசீது. அதைக் கொண்டுபோய் மூன்றாவது கடையில் வைக்கலாம். உள்ளே வந்தது நூறு ரூபாய்தான். மூன்று கடையிலும் நூறு நூறு இருப்பதாக எங்கள் பட்டியல் எண்ணும். டோரிவாக்காரர்கள் தங்கள் சொந்தப் பணத்தையே இப்படிச் சுற்றிச் சுற்றி விட்டார்கள். பதினேழில் இருந்து மூன்றுக்கு ஏறியது அப்படித்தான்.

நீ மாரிகுப்பத்தில் ஏறிக் கர்சீப் போடுகிறாயே, அதேதான். கோரமண்டல் ஸ்டேஷனில் நிற்கிறவள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெட்டி நிறைந்திருக்கும். உள்ளே இருப்பது நீ ஒருத்தி. நாங்கள் கர்சீப்பை எண்ணினோம், ஆளை எண்ணவில்லை.

இதில் இன்னும் கேவலமானது ஒன்று உண்டு. இப்போது பணத்தை எடுக்க முடியாததால் எல்லாம் உள்ளேயே கிடக்கிறது. உள்ளே கிடப்பதால் அதுவும் எண்ணில் சேர்கிறது. டோரிவா ஒன்பதாவது இடத்தில் நிற்பதற்கு ரத்தினம்மாவின் பணம் மாட்டிக்கொண்டிருப்பதும் ஒரு காரணம்.

இப்படித் திரும்பத் திரும்ப எண்ணுகிறோம் என்பது எனக்குப் போன ஆகஸ்டிலேயே தெரியும். ஸ்விட்ச் செய்தேன். திறந்தவுடன் அது போட்டிருக்க வேண்டும் என்று மீட்டிங்கில் சொன்னேன். எண்கள் பாதியாகக் குறைந்தால் பட்டியலை யார் பார்ப்பார்கள் என்றார்கள். சரி என்று வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் தீபாவளிக்கு உங்கள் வீட்டில் உட்கார்ந்து, பெருமைக்காக, அதே டோரிவாவை உனக்குக் காட்டினேன். நீ "எது நல்லது" என்று கேட்டாய். "எது வேகமா ஏறியிருக்கு" என்று கேட்கவில்லை. போன கடிதத்தில் நான் எழுதியது பொய்.

டோரிவாவின் மூன்றாம் இடமும் ஒன்பதாம் இடமும் உண்மையில்லை. இதை எண்ணும் வேலையைச் செய்கிற நானே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். யாரும் அதில் பணம் போட வேண்டாம்.

ஷில்பா தனசேகர்

இது வெளியே தெரிந்தால் எனக்கு வேலை போகும். ஆனால் மமதா, தப்பு என் பக்கம் மட்டும் இல்லை. இன்னொன்றும் எனக்குத் தெரியும். அது

(மறுபக்கம்)

உன் வாலட்டில் இருக்கிறது.

அதைப் போட்டுக் கொடுத்தது நான்தான் என்று நீயே எழுதினாய். அதன் முகவரி என்னிடம் இருக்கிறது. இந்த உலகத்தில் பெயர்தான் மறைவு, போக்குவரத்து எல்லாம் வெட்டவெளி. எந்த வாலட்டுக்கு என்றைக்கு எது வந்தது என்று முகவரி தெரிந்தவர் யாரும் பார்க்கலாம். உன் முதல் கடிதம் வந்த அன்றே பார்த்தேன்.

நவம்பர் நான்காம் தேதியில் இருந்து டிசம்பர் பத்தொன்பது வரை பதினொரு தடவை டோரிவாவில் இருந்து உனக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆள் சேர்ந்த அன்றைக்கு. ஆள் சேர்த்துவிட்டதற்குக் கொடுக்கிற பரிசு அது. டிசம்பர் இருபத்தோராம் தேதி மொத்தத்தையும் வெளியே எடுத்துவிட்டாய். அப்போது பொத்தான் நன்றாக அழுந்தியது.

ரத்தினம்மாவுக்கு இது தெரியுமா? பிலோமினாவுக்கு? கம்ப்யூட்டர் கடையில் உன் பக்கத்தில் நின்று ஸ்விட்சைத் தட்டினாளே, அவளிடம் சொன்னாயா?

நான் பொய்யை எண்ணினேன். நீ அதற்குக் கூலி வாங்கினாய். நியாயம் கேட்டு எனக்கு ரிஜிஸ்டர் தபால் வேறு.

இந்தத் தாளை நாகேஷிடம் காட்டு. ரயிலில் எல்லோரிடமும் காட்டு. என் வேலை போனால் போகட்டும். ஆனால் காட்டினால் இரண்டு பக்கத்தையும் காட்டு.

ஷில்பா


ஆண்டர்சன்பேட்டை
13 மார்ச் 2025

ஷில்பா,

என் பர்ஸைத் திறந்து பார்த்திருக்கிறாய். ஒரு மாதமாக உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த டைப் அடித்த கடிதத்தை அனுப்பிவிட்டு, எப்போது தேவைப்படும் என்று கையில் வைத்துக்கொண்டிருந்தாய். சின்ன வயதில் டீச்சரிடம் யாரையாவது போட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பாயே. நீ மாறவே இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்து அடுப்பில் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போட்டால் நாகேஷ் பணம் போடுவான். அதனால் போடவில்லை. அடுத்து நான் செய்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் இருந்தால் நீ ஜெயித்துவிடுவாய், அதனால் சொல்கிறேன்.

ராபர்ட்சன்பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடையில் இருந்த பெண் "ரெண்டு பக்கமுமாக்கா?" என்று கேட்டாள். ஒரு பக்கம் போதும் என்றேன். அந்த ஜெராக்ஸைக் கொண்டுபோய் ரத்தினம்மாவிடம் கொடுத்தேன். உன் பட்டியல் பொய் என்பதை, கீழே உன் கையெழுத்தோடு, படித்தாள். இரண்டு தடவை படித்தாள். அவள் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு கோபம் குறைந்ததைப் பார்த்தேன். என் கையைப் பிடித்து, "உன்னப் போய் சந்தேகப்பட்டுட்டேனே" என்றாள்.

அப்புறம் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"இன்னாத்துக்கு பாதியில நிக்குது? 'தப்பு என் பக்கம் மட்டும் இல்லை, அது'ன்னு போட்டுகீது. அது இன்னா? மீதி எங்க?"

மீதி வீட்டில் இருக்கிறது என்றேன். "கொண்டாந்து காட்டு. எல்லாத்தையும் படிச்சாத்தான் என் தம்பி நம்புவான். பாதி லெட்டர எடுத்துக்கினு போனா நம்மளயே கேலி பண்ணுவான்" என்றாள். அவள் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. 

அந்தப் பரிசுப் பணத்தில் என்ன செய்தேன் என்றும் பார்த்திருப்பாயா? அது உன் பிளாக்செயினில் தெரியாது. ஃபிரிட்ஜ் வாங்கினேன். பதினைந்து வருஷமாகக் கேட்டும் கிடைக்காத ஃபிரிட்ஜ். புது வருஷத்தன்று பதினொரு பேரும் என் வீட்டுக்கு வந்து, நன்றாக இருக்கிறது நன்றாக இருக்கிறது என்று கதவைத் திறந்து திறந்து பார்த்து, ஜில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கம் பொங்கலுக்குப் பிறகுதான் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், நீ கண்டுபிடித்து எழுதுவதற்கு முன்னால்.

ஒரே தாளில் இரண்டு பக்கமும் எழுதி என்னை நன்றாக மாட்டிவிட்டாய். உன்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இருந்தாலும் திங்கட்கிழமை காலை ரயிலில் அசல் தாளைக் கொடுக்கப் போகிறேன்.

மமதா


ஹைதராபாத்
15 மார்ச் 2025

மமதா,

இது அவசரத்தில் எழுதுகிற கார்டு. உன் கடிதம் எதுவும் இன்னும் வரவில்லை. நான் ஆறாம் தேதி அனுப்பிய தாளை யாரிடமும் காட்டாதே. கோபத்தில் எழுதினேன். வீட்டுக் கடன் இருக்கிறது, இவருக்கும் இப்போது வேலை சரியில்லை. பட்டியலை உள்ளே இருந்தே திருத்தப் பார்க்கிறேன், கொஞ்சம் டைம் கொடு. அந்தத் தாளைத் திருப்பி அனுப்பிவிடு. உன் விஷயத்தை நானும் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஷில்பா


ஆண்டர்சன்பேட்டை
21 மார்ச் 2025

ஷில்பா,

உன் கார்டு நேற்று வந்தது. தபால்காரரும் படித்திருப்பார். "உன் விஷயத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று கார்டில் எழுதி அனுப்புகிற புத்திசாலி உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

தாள் என்னிடம் இல்லை. நான் என் வாயைத் திறந்த பிறகு நீ பேரம் பேச வருகிறாய். திங்கட்கிழமை என்ன நடந்தது என்று கேள்.

மாரிகுப்பத்தில் வழக்கம்போல ஏறினேன். வழக்கம்போலப் பதினொரு கர்சீப்பும் போட்டேன். சாம்பியன் ஸ்டேஷனில் ரத்தினம்மாவோடு மூன்று பேர், ஊர்காமில் பிலோமினாவோடு இரண்டு பேர், கோரமண்டலில் மீதி எல்லோரும். அவரவர் கர்சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பங்காரப்பேட்டையில் ரயில் கொஞ்ச நேரம் நிற்குமே, அப்போது தாளை எடுத்து ரத்தினம்மாவிடம் கொடுத்தேன். சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

முன்பக்கம் படித்தபோது எல்லோரும் உன்னைத் திட்டினார்கள். கர்சீப்பை எண்ணினோம் என்று நீ எழுதின இடத்தில் பிலோமினா சிரித்துக்கூட விட்டாள். "அய்யோ, நம்ம மமதா பண்றதத்தான் லோகம் பூரா பண்ணிக்கினு கீறாங்களா?" என்றாள்.

ரத்தினம்மா பின்பக்கம் திருப்பினாள். இரண்டு வரி படித்துவிட்டு நிறுத்தி என்னைப் பார்த்தாள். "படிங்க" என்றேன். கடைசி வரை படித்தாள்.  எனக்கு அறை விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் தேவலை.

ரத்தினம்மா எழுந்தாள். மடியில் இருந்த கர்சீப்பை நான்காக மடித்து என் மடியில் வைத்தாள். போய்க் கதவுப் பக்கம் நின்றுகொண்டாள். அடுத்தது பிலோமினா எழுந்தாள். அப்புறம் ஒவ்வொருவராக. பதினொரு கர்சீப்பும் என் மடிக்கு வந்துவிட்டது. மாலூரில் ஏறினவர்கள் அந்த இடங்களில் உட்கார்ந்தார்கள், இன்றைக்கு நம் அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டே. அந்தப் பதினொரு பேரும் பெங்களூர் கன்டோன்மென்ட் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்கள். கால் வலிக்காரி ரத்தினம்மாவும்தான். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். 

இறங்கும்போது பிலோமினா மட்டும் பக்கத்தில் வந்தாள். "கூட வந்து ஸ்விட்ச தட்டுனேனேடி. அன்னிக்காவது சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள். ஃபிரிட்ஜை விற்று எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். ரத்தினம்மா திரும்பிப் பார்த்தாள். "வேணாம். வெச்சுக்கோ. ஜில் தண்ணி குடிக்கும்போதெல்லாம் எங்கள நெனச்சுக்கோ" என்றாள்.

தாளை அவள்தான் எடுத்துக்கொண்டு போனாள். புதன்கிழமை லீவு போட்டு பூதிகோட்டைக்குப் போயிருக்கிறாள். நாகேஷ் இரண்டு பக்கத்தையும் படித்திருக்கிறான். முன்பக்கத்தைப் படித்தபோது, யார் வேண்டுமானாலும் இப்படி எழுதலாம் என்றானாம். பின்பக்கத்தைப் படித்த பிறகுதான் நம்பினானாம். "தன் மானத்தையே வாங்குற லெட்டர எவளாவது பொய்யா எடுத்துக்கினு வந்து காட்டுவாளா?" என்று கேட்டிருக்கிறான். பணம் போடவில்லை.

அவனேதான் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து ஊர் குரூப்பில் போட்டிருக்கிறான். இரண்டு பக்கத்தையும். நேற்றில் இருந்து கே.ஜி.எஃப். முழுக்கச் சுற்றுகிறது. பெங்களூரில் நான் பில் போடுகிற கடை வரைக்கும் வந்துவிட்டது, வாடிக்கையாளர் கையில் என் பெயர். உன் பெயரும் இருக்கிறது. திருப்பி அனுப்பு என்கிறாயே, யாரிடம் இருந்து வாங்கி அனுப்புவது?

மமதா


ஹைதராபாத்
2 ஏப்ரல் 2025

மமதா,

போட்டோ என் ஆபீசுக்கும் வந்துவிட்டது. தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து இரண்டு பக்கத்தையும் மொழிபெயர்த்து எனக்கு முன்னால் வைத்தார்கள். பின்பக்கத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. முன்பக்கம் என்னுடையதா என்று மட்டும் கேட்டார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். கையெழுத்தை யாரும் நிரூபிக்கப் போவதில்லை. வாய் வரைக்கும் வந்தது.

நீ ரயிலில் "படிங்க" என்று சொன்னாய் என்று எழுதியிருந்தாயே, அது நினைவுக்கு வந்தது. உன்மேல் அப்போது வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. என்னுடையதுதான் என்றேன்.

அன்று சாயங்காலமே என் கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டார்கள். மூன்று நாள் கழித்து, வெளியே சத்தம் அதிகமானதும், அந்த ஸ்விட்சைப் போட்டுவிட்டார்கள். இப்போது யார் திறந்தாலும் டோரிவா நாற்பத்து நான்குதான். கீழே யார் பெயரும் இல்லை. தாங்களே கண்டுபிடித்துத் திருத்திய மாதிரி ஒரு குறிப்புப் போட்டிருக்கிறார்கள். என் பெயர் உன் ஊர் குரூப்பில் மட்டும்தான் இருக்கிறது.

இந்த வீட்டில் உட்கார்ந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன். அந்தத் தாளை எழுதியது நான் என்பது அப்புறம்தான் ஞாபகம் வருகிறது. உன்னைப் பழி வாங்கத்தான் பின்பக்கத்தை எழுதினேன். அதனால்தான் நாகேஷ் நம்பினான் என்று நீ எழுதியதைப் படித்து அழுதேன். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, தமிழ் வருஷப் பிறப்பு. முந்தின நாளே வந்துவிடுவேன். திங்கட்கிழமை காலை மாரிகுப்பத்தில் ஏறுகிறேன். ரத்தினம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டும். அவர் அறைந்தால் வாங்கிக்கொள்கிறேன். முதல் வேலைக்கு பெங்களூர் போய்வந்த இரண்டு வருஷமும் நீ எனக்கு இடம் போட்டிருக்கிறாய். இந்தத் தடவை எனக்குக் கர்சீப் போடாதே. பெட்டிக்குள் வந்து நிற்கிறேன்.

ஷில்பா


ஆண்டர்சன்பேட்டை
8 ஏப்ரல் 2025

ஷில்பா,

வருவதானால் லீவு நாளில் வராதே. அன்றைக்குப் பாதிப் பேர் ரயிலுக்கு வர மாட்டார்கள், நீயும் தப்பித்துக்கொள்வாய். செவ்வாய்க்கிழமை ஏறு. பதினொரு பேரும் இருப்பார்கள்.

உன் வேலை போனதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. வருத்தம் என்றும் பொய் சொல்ல மாட்டேன். பட்டியல் மாறியதை பிலோமினா கம்ப்யூட்டர் கடையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பெட்டியில் எல்லோருக்கும் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். பொத்தான் இன்னும் அழுந்தவில்லை. ரத்தினம்மா மகளுக்கு இந்த வருஷம் காலேஜ் இல்லை. பூதிகோட்டையில் மட்டும் கொட்டகைக்குச் சுவர் எழும்புகிறதாம்.

எனக்குக் கர்சீப் போடாதே என்று பெருந்தன்மையாக எழுதியிருக்கிறாய். போடுவதற்கு என்னிடம் கர்சீப் இல்லை. போன வாரம் ரத்தினம்மா வீட்டுக்கு வந்து பதினொன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போது அவள்தான் சாம்பியனில் இருந்து மாரிகுப்பத்துக்கு நடந்து வந்து, முதலில் ஏறி, இடம் போடுகிறாள். அவள் இடத்தையும் சேர்த்துப் பதினொன்று. எண்ணிக்கை சரியாக இருக்கிறது.

நான் ஏறும்போது இரண்டு பெஞ்சு காலியாகத்தான் கிடக்கிறது. உட்கார மனசு வரவில்லை. மாரிகுப்பத்தில் இருந்து கன்டோன்மென்ட் வரைக்கும் கதவோரம் நின்றுகொண்டு போகிறேன். அங்கே இரண்டு பேர் நிற்கலாம். வந்து நில்.

மமதா